வயலின் மூலை யாருக்கு?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வயோமிங் மாநிலத்தில் எல்க் மவுன்டன் என்றொரு மலை உண்டு. 11,000 அடிக்கும் மேலாக உயர்ந்து தனித்து நிற்கும் மலை அது. 2021ஆம் ஆண்டின் வேட்டைப் பருவத்தில், மிசோரி மாநிலத்திலிருந்து வந்த நால்வர், தாங்கள் செய்வித்துக் கொண்டுவந்த இரும்பு ஏணி ஒன்றை அம்மலைப் பகுதியில் நிறுத்தினர். ஒருபுறம் ஏறினர், மறுபுறம் இறங்கினர். ஏறிய இடம் அரசின் பொது நிலம். இறங்கிய இடமும் அரசின் பொது நிலமே. இடையில் தனியார் மண்ணின் ஒரு புல்லையும் அவர்கள் மிதிக்கவில்லை. ஆயினும் அத்துமீறி நுழைந்தார்கள் என்று அவர்கள்மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டது. பின்னர், பல லட்சம் டாலர் இழப்பீடு கோரி உரிமையியல் வழக்கும் வந்தது. அவ்வழக்கு முற்றுப்பெற 2025ஆம் ஆண்டின் அக்டோபர் வரை ஆயிற்று.

ஓர் ஏணியில் ஏறி இறங்கியதற்கு இத்தனை வழக்கா என்று கேட்கத் தோன்றும். சதுரங்கப் பலகையை மனக்கண்முன் கொண்டுவந்தால் இதன் சிக்கல் விளங்கும். பலகையில் கருப்புக் கட்டங்கள் தனியாருக்கும் வெள்ளைக் கட்டங்கள் அரசுக்கும் உரியவை எனக் கொள்வோம். ஒரு வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்த வெள்ளைக் கட்டத்திற்குச் செல்ல ஒரே வழிதான் உண்டு: நான்கு கட்டங்களும் சந்திக்கும் மூலைப் புள்ளியைக் கடப்பது. புள்ளிக்கு இடம் உண்டு. நீளமோ அகலமோ இல்லை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நீளமும் அகலமும் இல்லாத அந்தப் புள்ளியின் வழியே மனித உடல் எவ்வாறு செல்லும்? எவ்வளவு ஒடுங்கிச் சென்றாலும் தோளும் முழங்கையும் தனியார் மண்ணுக்கு மேலுள்ள காற்றைத் தொட்டே தீரும். அந்தக் காற்று யாருடையது என்பதே வழக்கின் கேள்வி.

அந்த நால்வரையும் அந்தப் புள்ளிக்கு அருகே கொண்டு சேர்த்தது அவர்களது கைப்பேசியிலிருந்த வரைபடச் செயலி. இந்தச் சிறு நிகழ்ச்சிக்குப் பின்னே 240 ஆண்டுகளின் வரலாறு இருக்கிறது. நிலத்தை அளந்தவர்களின் வரலாறு அது. நிலத்தை இழந்தவர்களின் வரலாறும் அதுவே.

சங்கிலியால் அளந்த நாடு

விடுதலை பெற்ற அமெரிக்காவிடம் பணம் இல்லை, கடன் இருந்தது, மேற்கே பரந்த நிலம் இருந்தது. அந்நிலத்தை விற்றுக் கடனை அடைக்க எண்ணிய காங்கிரஸ், 1785 மே மாதத்தில் நில அளவைச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்டது ஒரு வட்டாரம். அதனுள் ஒரு சதுர மைல் பரப்புள்ள 36 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவும் 640 ஏக்கர். அவற்றுள் 16ஆம் எண் பிரிவு பொதுப் பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று தாமஸ் ஹட்சின்ஸ் என்பவரின் தலைமையில் ஒகையோ ஆற்றங்கரையில் அளவைப் பணி தொடங்கியது. 66 அடிச் சங்கிலியை எண்பது முறை நீட்டினால் ஒரு மைல். மலை வந்தாலும் ஆறு வந்தாலும் கோடு வளையவில்லை. மண்ணின் இயல்பைப் பாராமல், காகிதத்தில் போட்ட கட்டத்தையே மண்ணின்மீது விரித்தார்கள்.

அந்நிலத்தில் ஏற்கெனவே மக்கள் வாழ்ந்து வந்தனர் என்பதைச் சங்கிலி பிடித்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். இங்கே நம் திருச்சபையைச் சார்ந்த ஒருவரின் நினைவு வருகிறது. பெல்ஜியம் நாட்டில் 1801இல் பிறந்து, அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடையே மறைப்பணி ஆற்றிய இயேசு சபைக் குரு பியர் ஜான் தெ ஸ்மெட் அவர்களே அவர். மேற்குப் பகுதியில் பல்லாயிரம் மைல் பயணம் செய்தவர். ஆறுகளையும் மலைவழிகளையும் கண்டும், அங்கே வாழ்ந்தோரைக் கேட்டும் அறிந்தவர். 1851 செப்டம்பரில் லாரமிக் கோட்டைக்கு அருகே, பூர்வகுடி இனத்தவர் ஏறத்தாழ 10,000 பேர் கூடிய பேரவையில், ஒவ்வோர் இனத்திற்கும் உரிய நிலப்பரப்பைக் காட்டும் வரைபடத்தைத் தீட்டும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சூ, செயென், அரப்பகோ, குரோ முதலிய இனங்களின் நாடுகள் அதில் வரையப்பட்டன. இது இன்னாருடைய நிலம் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டதன் சாட்சியாக அவ்வரைபடம் இன்றும் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது.

வரைபடம் நிலைத்தது, வாக்கு நிலைக்கவில்லை. குடியேறுவோரும் பொன் தேடுவோரும் வெள்ளமெனப் புகுந்தனர். 1868இல் அதே லாரமிக் கோட்டையில் இரண்டாம் உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்காகவும் முதிய வயதில் தெ ஸ்மெட், சிட்டிங் புல் என்னும் தலைவரின் பாசறைவரை சென்று சமாதானம் பேசினார். அவர் மறைந்த மறு ஆண்டே, 1874இல், பிளாக் ஹில்ஸ் மலையில் பொன் கண்டெடுக்கப்பட்டது. 1877இல் அம்மலை பறிக்கப்பட்டது. அது முறையான இழப்பீடின்றிப் பறிக்கப்பட்ட நிலம் என்று 1980இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துப் பணம் வழங்க ஆணையிட்டது. சூ மக்கள் அப்பணத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது விலையை அன்று, மலையை.

சதுரங்கப் பலகை

எல்க் மவுன்டன் பகுதியின் கட்டங்கள் உருவான கதை 1862இல் தொடங்குகிறது. பசிபிக் கரைவரை இருப்புப்பாதை அமைக்க விரும்பிய அமெரிக்க அரசு, கட்டும் நிறுவனங்களுக்கு நிலத்தையே மானியமாக அளித்தது. பாதையின் இருபுறமும் பத்து மைல் தொலைவுவரை, ஒற்றைப்படை எண் கொண்ட சதுர மைல்கள் நிறுவனத்திற்கு. இரட்டைப்படை எண் கொண்டவை அரசுக்கு. 1864இல் இத்தொலைவு இருபது மைலாக்கப்பட்டது. இரயில் வந்தால் நிலத்தின் மதிப்பு உயரும். தன் பங்கை இருமடங்கு விலைக்கு விற்றுக் கொடுத்ததை ஈடுகட்டலாம் என்பது அரசின் கணக்கு.

1869 மே 10 அன்று இருப்புப்பாதை முழுமை பெற்றது. நிறுவனம் தன் கட்டங்களைப் பெருநிலக்காரர்களுக்கு விற்றது. ஆனால் மழை குறைந்த வயோமிங்கில், குடியேறும் குடும்பத்திற்குச் சட்டம் அளித்த 160 ஏக்கரை வைத்துக்கொண்டு பிழைக்க இயலவில்லை. எனவே அரசின் கட்டங்களைக் கேட்பார் அதிகம் இல்லை. அவை மக்கள் அனைவருக்கும் பொதுவான நிலமாகவே தங்கிவிட்டன. நம் ஊர் வழக்கில் சொன்னால், பட்டா நிலங்களுக்கு நடுவே அகப்பட்ட புறம்போக்கு.

மாடு வளர்த்த பெருநிலக்காரர்கள் விரைவிலேயே ஒரு தந்திரம் கண்டார்கள். தம் சொந்தக் கட்டங்களின் ஓரத்தில் மட்டும் முள்வேலியை முறையாக அமைத்தால், நடுவிலுள்ள அரசுக் கட்டங்களும் அவ்வேலிக்குள் வந்துவிடும். விலை கொடுத்தது பாதிக்கு. ஆண்டு அனுபவித்தது முழுவதையும். இதைத் தடுக்கவே 1885இல் சட்டவிரோத வேலியடைப்பைத் தடை செய்யும் சட்டம் பிறந்தது. கொலராடோவில் ஏறத்தாழ 20,000 ஏக்கர் பொது நிலத்தை இவ்வாறு வளைத்த வேலியை அகற்ற வேண்டும் என்று 1897இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 1979இல், தனியார் கட்டத்தின் ஊடாக அரசு தன் விருப்பப்படி சாலை போட முடியாது என்றும் கூறியது. வேலி கூடாது, சாலையும் இல்லை. அப்படியானால் சாதாரண மனிதன் தன் பொது நிலத்திற்குச் செல்வது எப்படி? இக்கேள்வி விடையின்றிக் கிடந்தது.

விண்ணிலிருந்து வந்த வழிகாட்டி

அக்கேள்வி நெடுங்காலம் உறங்கியதற்குக் காரணம், எல்லை எங்கே என்று எளிய மனிதருக்குத் தெரியாமலிருந்ததே. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் வெளியிட்ட, 24,000இல் ஒரு பங்கு அளவுடைய வரைபடத் தாள்கள் மலையேறுவோருக்கும் வேட்டைக்காரருக்கும் வேதம் போன்றவை. மேடு பள்ளங்களையும் ஓடைகளையும் அவை நுட்பமாகக் காட்டின. ஆனால் ஒவ்வொரு கட்டத்திற்கும் உரியவர் யார் என்பதைக் காட்டவில்லை. அதை அறிய மாவட்ட அலுவலகப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். காட்டில் நிற்பவனுக்கோ அறிவிப்புப் பலகை சொன்னதே சட்டம்.

இந்நிலையை மாற்றியது, முதலில் போருக்கென உருவான ஒரு கருவி. ஜி.பி.எஸ். எனப்படும் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1983 செப்டம்பர் 1 அன்று, வழி தவறிச் சோவியத் வான்வெளியில் நுழைந்த கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன்பின், இவ்வமைப்பைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். ஆயினும் இராணுவக் காரணங்களுக்காகப் பொதுமக்களுக்குரிய சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. இடத்தைக் காட்டுவதில் ஏறத்தாழ 100 மீட்டர்வரை தவறு நேரலாம். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டபோது, ஒரே இரவில் உலகெங்குமுள்ள கருவிகள் கூர்மை பெற்றன.

இக்கருவி இயங்கும் முறை எளிமையும் வியப்பும் கலந்தது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. நம் கையிலுள்ள கருவி நான்கு கோள்களின் அறிவிப்பையேனும் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிடுகிறது. அது கேட்கிறதேயன்றிப் பேசுவதில்லை. எனவே கைப்பேசிக் கோபுரமே இல்லாத கானகத்திலும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால், வழி தெரியும்.

2009இல், மொன்டானா மாநிலத்தில் எரிக் சீக்பிரீட் என்னும் வேட்டைக்காரர் ஒருவர், மாவட்டப் பதிவேடுகளில் சிதறிக் கிடந்த நில உடைமை விவரங்களைத் திரட்டி, ஜி.பி.எஸ். கருவிக்குள் பொருத்தும் வரைபடமாக்கி விற்கத் தொடங்கினார். ஆன்எக்ஸ் என்னும் அந்நிறுவனத்தின் வரைபடம் பின்னர் கைப்பேசிச் செயலியாயிற்று. பொது நிலம் ஒரு நிறம். தனியார் நிலம் எல்லைக் கோட்டுடனும் உரியவர் பெயருடனும். நடுவே ஒரு நீலப் புள்ளியாக, நிற்கும் மனிதன். அதுவரை பதிவேட்டுக்குள் அடங்கியிருந்த உண்மை எளியவனின் உள்ளங்கைக்கு வந்தது.

வந்ததும் ஒரு பெரும் கணக்கு வெளிப்பட்டது. மேற்கு மாநிலங்களில் 95 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட கூட்டரசு நிலத்திற்குச் செல்லச் சட்டப்படியான வழியே இல்லை என்று, அந்நிறுவனமும் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் 2018இல் அறிவித்தன. மூலைகளில் மட்டும் தொட்டுக்கொண்டு அடைபட்டுக் கிடக்கும் பொது நிலம் 83 லட்சம் ஏக்கர் என்று 2022இல் அந்நிறுவனம் மற்றொரு கணக்கைத் தந்தது. பொது நிலங்களுக்குச் செல்லும் வழிகளின் பதிவுகளைக் கணினி வரைபடமாக்க வேண்டும் என அதே ஆண்டில் சட்டமும் இயற்றப்பட்டது.

ஐந்து மீட்டர்

ஏணி வைத்த நால்வரைக் குற்றவாளிகள் அல்லர் என்று ஜூரிகள் 2022இல் விடுவித்தனர். 20,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பண்ணையின் உரிமையாளரோ உரிமையியல் வழக்கை விடவில்லை. மண்ணுக்கு உரியவனுக்கே அதன் மேலுள்ள வானும் உரியது என்பது பழைய சட்டக் கோட்பாடு. அதன்படி, மண்ணைத் தொடாமல் காற்றைக் கடந்ததும் அத்துமீறலே என்று வாதிடப்பட்டது. அந்நால்வருள் ஒருவரின் செயலியில் பதிந்திருந்த ஓர் இடக்குறியும் அவருக்கு எதிரான சான்றாக எடுத்து வைக்கப்பட்டது. பின்னர் அக்குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. வழிகாட்டிய கருவியே சாட்சிக் கூண்டிலும் ஏறியது. 2023இல் மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச் மாதத்தில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. 1885இன் பழைய வேலிச் சட்டமே அவர்களைக் காத்தது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அக்டோபரில் ஏற்க மறுத்ததால், அவ்வட்டத்திற்குட்பட்ட ஆறு மாநிலங்களில் அத்தீர்ப்பே நிலைத்தது.

இவ்வழக்கில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது தீர்ப்பைவிட ஒரு சிறு நுட்பமே. திறந்த வானின் கீழ்க் கைப்பேசி ஒன்று தன் இடத்தை ஏறத்தாழ ஐந்து மீட்டர் பிழையுடன்தான் காட்டும். பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களின் கீழும் பிழை இன்னும் கூடும். திரையில் தெரியும் எல்லைக் கோடும் பதிவேட்டிலிருந்து எடுத்து வரைந்ததே. அதுவும் சற்று விலகியிருக்கலாம். மூலையோ ஒரு புள்ளி. எனவே செயலியை மட்டும் நம்பி எவரும் மூலையைக் கடக்க முடியாது. அந்நால்வரும் செயலியின் துணையால் அருகே சென்று, பின்னர் நில அளவையாளர் மண்ணில் பதித்துச் சென்ற உலோக முத்திரையைக் கண்ணால் கண்டே ஏணியை நிறுத்தினர். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்த அறிவு ஐந்து மீட்டர் தொலைவில் நின்றுவிடுகிறது. எஞ்சிய ஐந்து மீட்டரை மனிதன் குனிந்து தேட வேண்டியிருக்கிறது.

மூலையைப் பற்றிய திருச்சட்டம்

அறுவடை செய்கிறவன் வயலின் ஓரம்வரை முற்றிலும் அறுக்கலாகாது, அது எளியோருக்கும் அந்நியருக்கும் விடப்பட வேண்டும் என்று லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் பணிக்கிறது. அங்கே 'ஓரம்' என நாம் வாசிக்கும் எபிரேயச் சொல் 'பேயா'. மூலை என்பதும் அச்சொல்லின் பொருளே. பிற்கால யூத மறைநூல் வல்லுநர் இதற்கென்றே 'பேயா' என்னும் பெயரில் ஒரு தனிப் பகுதி வகுத்து, எவ்வளவு விட வேண்டும், எங்கே விட வேண்டும் என்றெல்லாம் ஆராய்ந்தனர். அதாவது, வயல் உரியவனுடையதே. ஆனால் அதன் மூலை முழுமையாக அவனுடையது அன்று. உடைமையின் விளிம்பில் பிறனுக்கு ஓர் இடம் இருக்கிறது.

கடந்து செல்வோனைப் பற்றியும் திருச்சட்டம் பேசுகிறது. அடுத்தவனின் விளைச்சல் நிலத்தின் வழியே செல்பவன் கையால் கதிர் கொய்யலாம். அரிவாளை வைக்கலாகாது என்கிறது இணைச்சட்டம். நம் ஆண்டவரின் சீடர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்தபோது, பரிசேயர் ஓய்வுநாளைக் குறித்தே குறை கூறினர். வயலில் நடந்ததைக் குறித்து எவரும் குறை கூறவில்லை. மாறாக, நெடுஞ்சாலை வழியே மட்டும் செல்வோம், குடிக்கும் நீருக்கும் விலை தருவோம் என்று இஸ்ரயேலர் இரந்து கேட்டும் வழிவிட மறுத்த ஏதோமின் செயல் எண்ணிக்கை நூலில் பதிவாகி, தலைமுறைதோறும் வாசிக்கப்படுகிறது.

இதனால் தனியுடைமை தீது என்று கொள்ளலாகாது. அதே திருச்சட்டம்தான் பிறனது எல்லைக் கல்லைப் பெயர்ப்பவனைச் சபிக்கிறது. தனியுடைமை உரிமையை 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லெயோ உறுதியாகக் காத்துப் பேசினார். பண்ணை உரிமையாளரின் கவலையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வேலி கடப்போர் அனைவரும் ஏணி கொண்டுவருபவர் அல்லர். ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஒவ்வொரு திரையிலும் தெரியும்போது, விலங்குகளுக்கு ஒதுங்க இடமும் குறைகிறது. ஆயினும் மண்ணுலகின் நலன்கள் எல்லா மனிதருக்கும் உரியவை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், தனியுடைமைக்குச் சமூகக் கடமை உண்டு என்று 2015இல் திருத்தந்தை பிரான்சிசும் கற்பித்தனர். நிலம் ஆண்டவருடையது, நாம் அதில் அந்நியரும் இரவற் குடிகளுமே என்பது லேவியர் நூல் தரும் அடிப்படை. அந்த அடிப்படையில் நின்றுதான் உடைமையும் பேச வேண்டும். பொதுமையும் பேச வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, கைப்பேசி வரைபடம் எளியவனுக்கு மறைக்கப்பட்டிருந்த உண்மையைக் காட்டியது, அது நன்மையே. ஆனால் அது காட்டாத ஒன்றும் உண்டு. இன்று இது யாருடையது என்று அது சொல்கிறது. இது யாரிடமிருந்து வந்தது என்று சொல்வதில்லை. தனியாருக்கு ஒரு நிறமும் பொதுவுக்கு ஒரு நிறமும் அதில் உண்டு. தெ ஸ்மெட் அடிகளார் 1851இல் வரைந்த நாடுகளுக்கு நிறம் இல்லை. பொது நிலத்தில் நடக்கும் தம் உரிமைக்காக நீதிமன்றம் சென்றவர்கள் வென்றார்கள். அந்நிலத்தில் முன்பே நடந்தவர்கள் உச்ச நீதிமன்றத்தில் வென்றும் மலையைப் பெறவில்லை. இரண்டையும் சேர்த்து நினைப்பதே முழு வரலாறு.

நம் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு வயல் இருக்கிறது: நிலமாக, வீடாக, பதவியாக, அறிவாக. அதன் எல்லை எங்கே என்பதை நாம் நன்கு அறிவோம். அளந்து கல் நட்டிருக்கிறோம். அதன் மூலையைப் பிறருக்கென விட்டிருக்கிறோமா என்பதை எந்தச் செயற்கைக்கோளும் நமக்குச் சொல்லாது. அந்த ஐந்து மீட்டரை நாமே குனிந்து தேட வேண்டும்.